பதிமூன்றாம் படுக்கை எவரிஸ்டோ

செவிலித் தொழில் தோன்றிய நாளிலிருந்து அதில் ஒரே ஒரு குறைதான் இருந்துவந்திருக்கிறது. அது நோயாளிகள்.

மற்றபடி அப்பழுக்கற்ற தொழில். வெள்ளுடை உண்டு. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் எங்களை 'மண்ணில் நடமாடும் தேவதைகள்' என்று மேடையேற்றி, ஆளுக்கொரு பூவும் அரைத்துண்டு கேக்கும் தருவார்கள். நோயாளிகள் மட்டும் குறுக்கே வந்து படுத்திராவிட்டால் இந்தத் தொழில் எவ்வளவோ உயரத்துக்குப் போயிருக்கும். குணப்படுத்தி அவர்களை ஒழிக்க மருத்துவம் முயன்றது, முடியவில்லை. காத்திருக்க வைத்து ஒழிக்க நிர்வாகம் முயன்றது; ஓரளவு முடிந்தது. முழு வெற்றி கண்டது 'காவல் தேவதை' என்னும் செயலிதான். கைபேசியிலும் ஓடும், டேப்லெட்டிலும் ஓடும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. பெருவின் வடக்குக் கடற்கரையில், நெத்திலி மாவு ஆலைகளின் வாசனையில் ஊறிக் கிடக்கும் ஒரு துறைமுக ஊரின் அரசு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டு நர்ஸ் நான். பெயர் வில்டர். 'மின்னணு மனிதநேயக் குழு'வின் உறுப்பினர்-செயலரும் நானே. என் திறமையைப் பார்த்துத்தான் அந்தப் பதவியைக் கொடுத்தார்கள் என்று என் அம்மா இன்றுவரை நம்புகிறார். வார்டிலேயே உடையாத சார்ஜர் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

காவல் தேவதையை எங்களுக்கு அருளியவர், தலைநகர் லீமாவிலிருந்து வந்த இன்ஜினியர் ரென்சோ. வாசனைத் தைலம் பூசிய இளைஞர். எங்கள் நெத்திலிக் காற்றில் அந்த வாசனை கால் மணி நேரம் போராடி வீரமரணம் எய்தியது. அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழைவது அவருக்கு அதுவே முதல் முறை.

"அதான் இன்ஜினியருக்குப் பலம்" என்றார். "உள்ள வந்து பாத்துட்டா மனசு குழம்பிடும்."

செயலியின் அருமைகளை அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். டிரிப்ஸ் சொட்டுகளை எண்ணும். மருந்தளவைக் கணக்கிடும். கை கழுவினீர்களா என்று கேட்கும்; 'கழுவினேன்' என்ற பொத்தானை ஈரக் கையால் தொட்டால் திரை உணராது. ஆகவே கை கழுவாதவர்கள் மட்டுமே கை கழுவியதாகப் பதிய முடியும். இதனால் எங்கள் சுகாதாரப் புள்ளிவிவரம் ஒரே வாரத்தில் உலகத் தரத்தை எட்டியது.

எங்கள் தலைமை நர்ஸ் எடெல்மிரா அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்தார். பட்டம் வாங்கிய நர்ஸை எங்கள் ஊரில் 'லிசென்சியாதா' என்றுதான் அழைக்க வேண்டும், ஆணாக இருந்தால் 'லிசென்சியாதோ'; எடெல்மிராவை அப்படி அழைக்க மறந்தவர்களுக்குத் தடித்த ஊசி.

"இன்ஜினியர், எங்க வார்டுல இருபத்துமூணு கட்டில். இதுல இருபத்துநாலு காட்டுதே?"

"ஒண்ணுலேர்ந்து இருபத்துநாலு, லிசென்சியாதா. நானே எண்ணினேன்."

"கட்டிலையா எண்ணினீங்க?"

"நம்பரை எண்ணினேன்."

எங்கள் வார்டில் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு. எங்கள் துறைமுகத்தில் செத்தாலும் சாவானே தவிர, பதிமூன்றாம் நம்பரில் எவனும் படுக்க மாட்டான். ஆஸ்பத்திரியைக் கட்டிய கொத்தனாருக்கே அது தெரிந்திருந்தது. இன்ஜினியருக்குத் தெரியவில்லை.

"காலியா இருக்கட்டுமே, லிசென்சியாதா. ஒரு படுக்கை எப்பவும் கையிருப்புல இருக்கறது நல்லதுதானே?"

"சரி, வராந்தாவுல ஸ்ட்ரெச்சர்ல கிடக்காங்களே, அவங்களை எங்க பதியறது?"

இன்ஜினியர் புன்னகைத்தார். "வராந்தா நடக்கறதுக்கு, லிசென்சியாதா."

எடெல்மிரா கண்ணாடியை மறுபடி மேலே ஏற்றினார். அவர் கண்ணாடியை ஏற்றினால் யாரோ பின்னால் அனுபவிக்கப்போகிறார்கள் என்று பொருள்.

செயலியின் மகுடம் கடைசியில் வந்தது. ஒரு மணி நேரம் யாரும் எதுவும் பதியாவிட்டால், வார்டில் வேலையே இல்லை என்று காவல் தேவதை தானாகவே கண்டுபிடித்துவிடும். உடனே டிவி சீரியல் கதாநாயகியின் குரலில், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கும்: "வாழ்த்துகள்! உங்கள் வார்டு அமைதியாக இருக்கிறது!"

அன்று மதியமே அறிவித்தது. நாங்கள் எல்லோரும் துடைப்பத்தைத் தேடி ஓடினோம்.

வேலை நேரத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லும் நர்ஸ் எங்கள் கடற்கரையில் இன்னும் பிறக்கவில்லை. சொன்னால் வரும். என்ன வரும் என்பது அன்றைய யோகம். ஒரு முறை, புதிதாக வந்த டாக்டர் ஒருவர் "இன்னிக்கு எவ்வளவு அமை—" என்று தொடங்கினார். முடிப்பதற்குள் எடெல்மிரா அவர் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார். அந்த முக்கால் சொல்லுக்கே ஒரு கல்யாண வீடு முழுவதும் வயிற்றுப்போக்கோடு வந்து இறங்கியது, மாப்பிள்ளையும் சேர்த்து. பரிகாரம் ஒன்றுதான்: உடனே மரத்தைத் தட்ட வேண்டும். வார்டில் மரம் என்று இருப்பது துடைப்பக் கட்டை மட்டுமே.

காவல் தேவதை முழுச் சொல்லையும் சொல்லிவிட்டதால் அன்று மாலை கால்பந்து ரசிகர்களின் பேருந்து ஒன்று வந்தது. இரண்டு கட்சி ரசிகர்களும் ஒரே பேருந்தில்.

"அந்தக் குரலைக் குறைக்க முடியாதா?" என்று இன்ஜினியருக்குப் போன் செய்து கேட்டேன்.

"தேவதையோட குரலை யாரும் அடக்கக் கூடாதுன்னு வேணும்னேதான் அப்படி வச்சிருக்கேன்" என்றார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வார்டில் தலைபோகிற வேலை இருக்கும்போதுதான் யாரும் டேப்லெட்டைத் தொட மாட்டோம். தொடாவிட்டால் அது வார்டில் வேலை இல்லை என்று முடிவு செய்யும். முடிவு செய்தால் அறிவிக்கும். அறிவித்தால் வேலை வரும். எவ்வளவு ஓடுகிறோமோ, அவ்வளவு சும்மா இருப்பதாகக் கணக்கு. இப்படி ஒரு துல்லியத்தை மனித மூளை எட்டவே முடியாது.

வழி கண்டுபிடித்தது எங்கள் பயிற்சி நர்ஸ் சரேலா. கடைசி ஆண்டு மாணவி. மீனவர் வீட்டுப் பெண். குரல் மட்டும் படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற அளவில். நர்சிங் மாணவர்களுக்கு உதவும் செயலிகள் எல்லாம் அவள் கைபேசியில் இருந்தன. ஒன்றில் மனித உடம்பை வெங்காயம்போல உரிக்கலாம். இன்னொன்றில் விரலை வைத்தால் நாடித் துடிப்பு தெரியும். மேசையின் விளிம்பை வைத்தாலும் தெரியும், மேசைக்குத் துடிப்பு எழுபத்திரண்டு. அவளுக்கு மிகவும் பிடித்தது, நோயாளி சொல்வதைப் பாடத்திட்டப்படியான 'செவிலிய நோய்க்கணிப்பு' ஆக்கித் தரும் செயலி. 'பசிக்குது' என்று போட்டால், 'உணவுத் தேவைக்கும் உணவு வருகைக்கும் இடையே உணரப்படும் சமநிலைக் குறைவு' என்று வரும். அதைப் படித்துக் காட்டினால் நோயாளிக்குப் பசி போய்விடும், பயம் வந்துவிடும்.

"லிசென்சியாதா, மணிக்கொரு தடவை எதையாவது பதிஞ்சா அது வாயத் திறக்காதுல்ல?" என்றாள் சரேலா.

"ஒரு ஆளுக்குப் பதிய பதினோரு பக்கம் தள்ளணும். யாருக்குடி நேரம் இருக்கு?"

"நெஜமான ஆளுக்குத்தான் போய்ப் பாத்துட்டு எழுதணும். இல்லாத ஆளுக்கு நின்ன எடத்துலயே எழுதலாமே. பதிமூணு சும்மாதான கெடக்கு?"

எடெல்மிரா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டேப்லெட்டை வாங்கினார். "பேரு கேக்குதா? போடு. எவரிஸ்டோ சல்தான்யா."

"அடையாள அட்டை எண்ணும் கேக்குது லிசென்சியாதா."

எடெல்மிரா மூச்சுவிடாமல் எட்டு இலக்கங்களையும் ஒப்பித்தார்.

"யாரு லிசென்சியாதா அது?"

"எம் புருஷனா இருந்தான். இப்ப தும்பெஸ்ல ஒரு பியூட்டி பார்லர்காரிகிட்ட இருக்கான். விவாகரத்துக்கு அலைஞ்சதுல இந்த நம்பர் மட்டும்தான் எனக்கு மிச்சம். எழுது: மூலம்."

அன்று முதல் எவரிஸ்டோ படாத பாடு பட்டார். முதல் நாள் மூலம். மறுநாள் சொறி, எங்கே என்பதைக் கண்ணியம் கருதி விட்டுவிடுகிறேன். லீவு நாட்களில்கூட எடெல்மிரா போன் செய்வார். "வில்டர், இன்னிக்கு அவனுக்கு விக்கல் குடு. சாப்பாட்டு நேரத்துல." கொடுத்தோம். காவல் தேவதை வாயைத் திறக்கவில்லை. வார்டில் தாங்கக்கூடிய அளவுக்கே ஆட்கள் வந்தார்கள். எடெல்மிராவின் முகத்தில் ஒரு பொலிவு வந்ததை டாக்டர்கள்கூடக் கவனித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அன்செல்மோ பெரியவர் வந்து சேர்ந்தார்.

நெத்திலிப் படகில் சமையல்காரர். சர்க்கரை நோய். வலது பாதத்தில் ஒரு புண். கொதிக்கும் சூப் கொட்டியதை, கடல் தண்ணியே ஆற்றிவிடும் என்று விட்டிருக்கிறார். கடல் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டில் இல்லாததால் வராந்தாவில், ஒரு சக்கரம் இல்லாத ஸ்ட்ரெச்சரில் கிடத்தினோம். சக்கரத்துக்குப் பதில் செங்கல். அறுவை டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார்: ஊசி மருந்து வேளை தவறாமல் ஏறினால் பாதம் மிஞ்சும், இல்லையென்றால் அடுத்த வாரம் கணுக்காலுக்குக் கீழே வெட்டியாக வேண்டும்.

பெரியவர் அழவில்லை. கணக்குப் போட்டார். "ஜூன் கடைசியில எங்க மீனவர் சாமி சான் பெத்ரோவுக்குத் திருவிழா. சாமி பல்லக்கத் தோள்ல வச்சுப் படகு வரைக்கும் கொண்டுபோறதுல முன்பக்கம் வலது கொம்பு என்னுது. வலது கால் இல்லாதவன் வலது பக்கம் எப்படித் தூக்கறது? சாமி சாஞ்சிருவாரு. மீனவன் சாமியையே கடல்ல போட்ட பாவம் எனக்கெதுக்குத் தாயி?"

சரேலா சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினாள். அங்கே இப்போது காவல் தேவதையின் உத்தரவு இல்லாமல் சன்னலே திறக்காது. உத்தரவுக்குப் படுக்கை எண் வேண்டும். அவள் 'வராந்தா' என்று போட்டாள். 'தவறான படுக்கை. நோயாளியைச் சரியான இடத்தில் வைக்கவும்' என்றது. 'செங்கல்' என்று போட்டாள். அதையும் ஏற்கவில்லை.

"எவரிஸ்டோவ கெளப்பிட்டுப் பெரியவர பதிமூணுல போட்டுடலாம்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன நல்ல யோசனைகளில் அது ஒன்று. மற்றது நினைவில்லை. இன்ஜினியரைப் போனில் பிடித்தேன்.

"சிகிச்சை நடுவுல ஒரு நோயாளிய வெளிய அனுப்ப முடியாது லிசென்சியாதோ. அது மனிதாபிமானம் இல்ல. வெளிய வர ரெண்டே வழிதான். ஒண்ணு, குணமாகணும். நோயாளியே கைரேகை வச்சு, சேவைக்கு நட்சத்திரமும் குடுக்கணும்."

"இன்னொண்ணு?"

"சாகணும். சடலத்தோட போட்டோ ஏத்தணும்."

பக்கத்தில் நின்ற எடெல்மிரா பெருமூச்சு விட்டார். "ரெண்டாவதுக்கு நான் தும்பெஸ் போய்ட்டு வர்றேன். ஒரு நாள் லீவு கெடைச்சா போதும்."

"வேணாம் லிசென்சியாதா" என்றாள் சரேலா. அவள் அன்செல்மோ பெரியவரின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மருந்து எவரிஸ்டோவுக்குத்தான் வரும்னா, புண்ணும் எவரிஸ்டோவுக்கே வரட்டுமே."

அன்று மதியம் எவரிஸ்டோ சல்தான்யாவுக்கு வலது பாதத்தில் புண் வந்தது. டாக்டர் எழுதிய சீட்டு அப்படியே ஏறியது. கால் மணி நேரத்தில் மருந்தகச் சன்னல் திறந்தது. பதிமூன்றாம் படுக்கைக்குப் போகவேண்டிய ஊசி, வழிதவறி வராந்தாவுக்கு வந்து, செங்கல்மேல் சாய்ந்து கிடந்த ஸ்ட்ரெச்சரில் ஏறியது.

அதன் பிறகு எவரிஸ்டோவுக்குக் கிடைக்காததே இல்லை. சர்க்கரை இல்லாத சாப்பாடு, சுத்தமான கட்டுத்துணி, எலும்பு டாக்டரின் வருகை எல்லாம் பதிமூன்றுக்கு வந்து வராந்தாவில் இறங்கின. சரேலா தினமும் கட்டுப் பிரித்ததும் பாதத்தை மட்டும் படம் எடுத்து ஏற்றுவாள். கறுப்பு சிவப்பானது. சிவப்பு இளஞ்சிவப்பானது. வெட்டும் தேதி வந்து, வேலையில்லாமல் திரும்பிப் போனது.

"இந்த எவரிஸ்டோ ரொம்ப நல்லவனா இருப்பான்போல" என்றார் பெரியவர்.

"பேச்ச நிறுத்தறீங்களா, இன்னொரு கால்லயும் புண் வரவைக்கவா?" என்றார் எடெல்மிரா.

ஆனால் நன்மைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது வெளியே தெரிந்துவிடும். மணி தவறாமல் பதிவு, நாள் தவறாமல் படம், நாட்டிலேயே எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத அக்கறை! மூலம், சொறி, விக்கல், பாதப்புண் என்று நாலு பக்கமும் தாக்கப்பட்டும் தேறிவரும் மாவீரன்! மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: வட்டார சுகாதார இயக்குநர் டாக்டர் உர்கியாகா நேரில் வந்து பதிமூன்றாம் படுக்கை நோயாளியைக் கைகுலுக்கி, செயலிக்குக் கேடயம் வழங்குவார். செயலிக்குக் கை இல்லாததால் இன்ஜினியர் ரென்சோ பெற்றுக்கொள்வார்.

விழா அன்று காலை, ஏற்பாடு செய்ய வந்த அதிகாரி வார்டில் இரண்டு முறை நடந்தார்.

"பன்னெண்டு இருக்கு. பதினாலு இருக்கு. பதிமூணு எங்க?"

எனக்கு விக்கல் வந்தது, எவரிஸ்டோவின் விக்கல்.

"திருட்டுப் போயிடுச்சா?" என்றார் அதிகாரி.

"ஆமா" என்றார் எடெல்மிரா கண்ணிமைக்காமல். "ராத்திரியே போயிடுச்சு. நோயாளிய எறக்கி வச்சுட்டுக் கட்டில மட்டும் தூக்கிட்டுப் போயிட்டானுங்க."

வாசகர்கள் இங்கே எழுந்து நிற்க வேண்டும். பல ஆண்டுகளாக நாங்கள் கட்டில் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். நாட்டில் கட்டில் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அன்றைக்கு அரை மணிக்குள் ஒரு கட்டில் வந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பொத்தானை அழுத்தினால் தலை உயரும், கால் உயரும். பின்னாலேயே ஓர் ஆள் பெயின்ட் டப்பாவோடு வந்து சுவரில் '13' எழுதினார். எழுதி முடித்ததும் சட்டைப்பையிலிருந்த சிலுவையை முத்தமிட்டுக்கொண்டார்.

அன்செல்மோ பெரியவரை அதில் ஏற்றப் போனோம். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"செங்கல்லயே செத்தாலும் சாவேன். பதிமூணுல படுக்க மாட்டேன்."

"ஐயா, கால் தப்பிச்சதே பதிமூணாலதான்" என்றேன்.

"கால் தப்பிச்சிருச்சு. மிச்ச ஆளு தப்பிக்க வேணாமா?"

சரேலா குனிந்து அவர் காதில் சொன்னாள். "பெரியவரே, அந்தக் கட்டில் எவரிஸ்டோ பேர்ல இருக்கு. கெட்டது எதுவும் வந்தா அவருக்குத்தான் போகும்."

பெரியவர் கம்பியை விட்டார். "முகவரி சரியா எழுதியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டு ஏறிப் படுத்தார்.

டாக்டர் உர்கியாகா பரிவாரத்தோடு வந்தார். படம் எடுப்பவர்கள் வந்தார்கள். கட்டிலின் தலைப்பக்கம் பொத்தானால் உயர்த்தப்பட்டது. பெரியவர் பயந்து கட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க எவரிஸ்டோ?" என்றார் டாக்டர் உர்கியாகா.

"அவனுக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருப்பான்" என்றார் பெரியவர்.

"இருப்பானா?"

சரேலா கைபேசியைத் தட்டிப் படித்தாள்: "நீடித்த படுக்கை வாழ்வால் தன்னைப் பிறராகக் கருதும் அடையாளச் சிதைவுப் போக்கு, டாக்டர்."

"அற்புதம்" என்றார் டாக்டர் உர்கியாகா. "விக்கல் நின்னுடுச்சா?"

"அது எனக்கு என்னிக்குமே இல்லியே."

"பாத்தீங்களா! அந்த அளவுக்குக் குணமாயிருக்கு!" என்று இன்ஜினியர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்தப் பரபரப்பில் ஒரு மணி நேரமாக டேப்லெட்டை யாருமே தொடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை நீட்டினேன். அதற்குள் இன்ஜினியர் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். கதாநாயகியின் குரல் கணீரென்று எழுந்தது.

"வாழ்த்துகள்! உங்கள் வார்டு அமைதியாக இருக்கிறது!"

எடெல்மிரா துடைப்பத்தை நோக்கிப் பாய்ந்தார். நான் அவருக்கு முன்னால் பாய்ந்தேன். இரண்டு பேரும் கட்டையில் மோதிக்கொண்ட அந்த நொடியில் வார்டுக் கதவு திறந்தது.

தடித்த ஆள். ஒரு கன்னம் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. தலையில் முடி மட்டும் பியூட்டி பார்லர் மெருகோடு பளபளத்தது.

"பதிமூணாம் படுக்கை எங்கடா?" என்று கத்தினார். "பல் வலின்னு தும்பெஸ்ல டாக்டர்கிட்ட போனேன். 'நீங்க ஏற்கெனவே ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்க, மூலம், சொறி, விக்கல், கால் வேற புண்ணு'ங்கறாங்க! பக்கத்துல எம் பொஞ்சாதி நிக்கிறா! சொறி எங்கன்னு வேற படிச்சுக் காட்டறாங்க! பஸ்ஸுல ராவெல்லாம் ஒக்காந்து வந்திருக்கேன். நான்தான்டா எவரிஸ்டோ சல்தான்யா!"

வார்டில் கொசு பறப்பது கேட்டது. எங்கள் இரண்டு பேரின் வேலை, சரேலாவின் பட்டம், பெரியவரின் கால் எல்லாம் அந்தக் கொசுவின் சிறகில் தொங்கின. ஊசி இன்னும் ஒரு வாரம் ஏறவேண்டியிருந்தது.

டாக்டர் உர்கியாகா கட்டிலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு, கற்றவர்கள் செய்வதைச் செய்தார்.

"இன்ஜினியர், ஆப் என்ன சொல்லுது?"

ரென்சோ திரையைத் தடவினார். "எவரிஸ்டோ சல்தான்யா, பதிமூணாம் படுக்கை. பச்சை விளக்கு எரியுது டாக்டர்."

"அப்ப இவரு?"

"இவரு எங்கயும் இல்ல."

"யோவ், இதோ நிக்கிறேன்யா!"

"நிக்கறதுக்கு இதுல வசதி இல்ல சார்" என்றார் ரென்சோ பரிவாக. "படுத்தாத்தான் தெரியும்."

தடித்த ஆளின் கண் சுற்றிவந்து எடெல்மிராமேல் நின்றது. குரல் இறங்கியது. "எடெல்மிரா... நீயாவது சொல்லு. நான் யாரு?"

எடெல்மிரா துடைப்பத்தை மெல்லச் சுவரில் சாய்த்தார். "அதைத்தான் டாக்டர், மோதிரம் மாத்தின நாள்லேர்ந்து நானும் ஒருத்தன்கிட்ட கேட்டுட்டிருந்தேன்" என்பதுபோல அவர் உதடு அசைந்தது. வெளியே வந்தது வேறு. "இவர எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன் டாக்டர். தெரியல."

"பாவம், காய்ச்சல் தலைக்கேறியிருக்கு" என்றார் டாக்டர் உர்கியாகா. "இவர எங்கயாவது ஒக்கார வைங்க."

கேடயம் வழங்கப்பட்டது. பரிவாரம் விருந்துக்குப் போனது. எவரிஸ்டோவை வராந்தாவில், செங்கல் வைத்த ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தோம். வலியில் முனகினார். எடெல்மிரா ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு பதிமூன்றாம் படுக்கையின் பெயரில் வலி மாத்திரை வாங்கி, மெல்ல முடியாத வாய்க்காக அதைக் கரண்டியால் நசுக்கித் தண்ணீரில் கரைத்துக்கொண்டு போனார். அத்தனை வாரத்தில் எவரிஸ்டோவுக்கென்று வந்த மருந்து எவரிஸ்டோவுக்கே போய்ச் சேர்ந்தது அந்த ஒரு முறைதான்.

"கசக்குது" என்றார் அவர்.

"கசக்கட்டும். வாயத் தொற" என்றார் எடெல்மிரா.

பல் பிடுங்கியதும் தும்பெஸ் பஸ் ஏறிப் போனார். ஜூன் கடைசியில் சான் பெத்ரோ சாமி படகேறினார். முன்பக்கம் வலது கொம்பில் அன்செல்மோ பெரியவர். கொஞ்சம் நொண்டினார், சாமியும் கூடவே கொஞ்சம் நொண்டினார், விழவில்லை. பெரியவர் மணிக்கட்டில் 'எவரிஸ்டோ சல்தான்யா' என்ற ஆஸ்பத்திரிப் பட்டை இன்னும் இருந்தது. கழற்றச் சொன்னால், "நல்ல மனுசன் பேரு, இருக்கட்டும்" என்றார்.

விழா முடிந்ததும் அந்தப் புதுக் கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வந்தான். காவல் தேவதை விடவில்லை. உள்ளே நோயாளி இருக்கிறார், கைரேகை வைக்கவில்லை என்றது. ஆகவே கட்டில் எங்களுக்கே. வராந்தாவில் யாருக்கு மோசமோ அவர் இப்போது எவரிஸ்டோ ஆகிறார்.

இந்த வெற்றியால் துணிந்து, வராந்தாவில் கிடக்கும் மற்றவர்களுக்கும் கட்டில் வேண்டும் என்று குழுவின் செயலர் என்ற முறையில் மேலிடத்துக்கு எழுதினேன். டாக்டர் உர்கியாகாவின் கையொப்பத்தோடு பதில் வந்தது: 'காவல் தேவதையின் பதிவுகளின்படி தங்கள் வராந்தாவில் நோயாளிகள் எவரும் இல்லை. வாழ்த்துகள். கூடுதலாக இருபது டேப்லெட்டுகள் அனுப்பப்படுகின்றன.'

பார்த்தீர்களா, நான் தொடக்கத்தில் சொன்னது மிகையா? எத்தனையோ நூற்றாண்டுகளாக யாராலும் ஒழிக்க முடியாத நோயாளிகளை ஒரே பதிலில் ஒழித்துவிட்டார்கள்.

டேப்லெட்டுகள் வந்தன. முதல் முறை திறக்கும்போது எத்தனை படுக்கை என்று அவை கேட்டன. சரேலா அவற்றில் இருபத்தைந்திலிருந்து முப்பது வரை புதுப் படுக்கைகளைத் திறந்தாள். ஒரு கட்டில்கூடக் கிடையாது. எல்லாம் நிரம்பி வழிகின்றன. எடெல்மிராவுக்கு ஒரே ஒரு புருஷன்தான் என்பதால் பெயர்களுக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு. நல்லவேளையாக மேலிடத்திலிருந்து வரும் ஒவ்வோர் உத்தரவின் அடியிலும் கையொப்பம், பெயர், அடையாள எண் எல்லாம் தெளிவாக அச்சாகியிருக்கின்றன. இருபத்தைந்தாம் படுக்கையில் டாக்டர் உர்கியாகா, நுரையீரலில் நீர். இருபத்தாறில் இன்ஜினியர் ரென்சோ, குடலிறக்கம். மற்ற நான்கில் உள்ளவர்களின் பதவிகளைச் சொன்னால் நீங்கள் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். இந்தப் பெயர்களுக்கு மருந்து வரும் வேகத்தைப் பார்க்க வேண்டும்! எவரிஸ்டோவுக்குக் கால் மணி ஆனது. இவர்களுக்கு நாங்கள் சன்னலை அடையும் முன்பே பொட்டலம் தயார்.

ஆகவே மேலிடத்துப் பெரியவர்களுக்குப் பணிவான ஒரு விண்ணப்பம். என்றைக்காவது உங்களுக்கு நெஞ்சு வலித்து, அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடி, 'நீங்கள் ஏற்கெனவே வேறோர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்களே' என்று அவர்கள் சொன்னால் பதற வேண்டாம். அது உண்மைதான். உங்கள் பெயரில் இங்கே ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள். நேராக எங்களிடம் வாருங்கள். கட்டில் தர முடியாது. வராந்தா இருக்கிறது, வேண்டிய மட்டும் நடக்கலாம்.